அமைதியான சந்தையில் குறியீட்டு ஆப்ஷன்: காலண்டர் ஸ்ப்ரெட், அயர்ன் கண்டோர் போடுவது எப்படி?

கால், புட், ஸ்ட்ரைக், எக்ஸ்பைரி, பிரீமியம் ஆகிய ஐந்து சொற்களும் புரியும், ஆனால் இதுவரை ஒரு ஸ்ப்ரெட்கூட (ஒன்றை வாங்கி மற்றொன்றை விற்கும் சேர்க்கை) போட்டதில்லை என்பவர்களுக்கான விளக்கம் இது. சந்தை நாளுக்கு அரை சதவீதம்கூட நகராமல் கிடக்கும் காலத்தில் பிரீமியம் மலிந்துவிடும். ஆப்ஷனை வாங்கி வைத்தால் தினமும் தேய்கிறது. விற்றாலோ கைக்கு வருவது சொற்பம். அந்தச் சொற்பத்தைப் பெருக்க நினைத்துத்தான் பலர் பாதுகாப்பே இல்லாமல் கூடுதல் லாட் (ஆப்ஷன்கள் கைமாறும் தொகுதி) விற்கிறார்கள், மாட்டிக்கொள்வதும் அங்கேதான். நஷ்டத்துக்கு முன்கூட்டியே எல்லை கட்டிய இரண்டு அமைப்புகளை மட்டும் இங்கே பார்க்கப்போகிறோம்.

கணக்குக்காக, குறியீடு 20,000 புள்ளியில் இருக்கிறது, அருகில் உள்ள எக்ஸ்பைரிக்கு 30 நாள், அதன் ஐவி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஐவி என்பது ஆப்ஷன் விலைக்குள் ஒளிந்திருக்கும் எதிர்பார்ப்பு: எக்ஸ்பைரி வரை குறியீடு எந்த வேகத்தில் அசையும் என்று சந்தை போட்டிருக்கும் கணக்கு, ஆண்டு அளவில் சொல்லப்படுவது. வட்டி, டிவிடெண்ட் இரண்டையும் விட்டுவிடுகிறோம். எக்ஸ்பைரி அன்று மட்டுமே உரிமையைப் பயன்படுத்தக்கூடிய, பணமாகவே கணக்குத் தீரும் ஆப்ஷன்கள் என்றும் கொள்வோம்.

படி 1: அமைதியை அளந்து பாருங்கள்

"சந்தை சும்மா கிடக்கிறது" என்பது கண்ணுக்குத் தெரிவது. அதை எண்ணாக்க வேண்டும். கடந்த 21 நாள் முடிவு விலைகளை ஒரு தாளில் எழுதி, அடுத்தடுத்த நாள்களுக்கு இடையிலான சதவீத மாற்றத்தைப் போடுங்கள். 20 எண் கிடைக்கும். ஏற்றமா இறக்கமா என்று பார்க்காமல், குறியை நீக்கிவிட்டுச் சராசரி எடுங்கள். அதை 20-ஆல் பெருக்கினால், நடந்த அசைவு ஏறக்குறைய ஆண்டுக் கணக்கில் வந்துவிடும். சராசரி 0.40 சதவீதம் என்றால் நடந்த அசைவு 8 சதவீதம். திட்டவிலக்கம் கண்டுபிடித்து 252-ன் (ஓராண்டின் வர்த்தக நாள்கள்) வர்க்கமூலத்தால் பெருக்குவதுதான் முறையான வழி. ஆனால் இந்தக் குறுக்குவழி அதற்கு மிக அருகிலேயே வரும்.

இப்போது ஐவியை அதன் பக்கத்தில் வையுங்கள். ஐவி 11, நடந்தது 8, இடைவெளி 3. விற்பவருக்கு லாபம் வருவது இந்த இடைவெளியிலிருந்துதான். ஐவி எவ்வளவு உயரம் என்பதைவிட, நடந்ததைவிட எவ்வளவு அதிகம் என்பதே முக்கியம்.

அதே ஐவியிலிருந்து எதிர்பார்க்கும் தூரத்தையும் எடுத்துவிடலாம். ஒரு நாளுக்கு 11-ஐ 16-ஆல் (252-ன் வர்க்கமூலம் ஏறக்குறைய இதுதான்) வகுத்தால் சுமார் 0.7 சதவீதம், அதாவது 140 புள்ளி. 30 நாளுக்கு 11-ஐ 30/365-ன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 3.15 சதவீதம், அதாவது சுமார் 630 புள்ளி. ஐவி சொல்வது சரியாக இருந்தால், மூன்றில் இரண்டு மாதங்கள் குறியீடு 19,370-க்கும் 20,630-க்கும் இடையே முடியும். மூன்றாவது மாதம் வெளியே போகும். அந்த மூன்றாவது மாதத்துக்குத்தான் கீழே உள்ள ஏற்பாடு எல்லாம்.

படி 2: எதைப் போடுவது?

எங்கள் அளவுகோல் இது. இடைவெளி 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் அயர்ன் கண்டோர் (படி 4) போடலாம். இடைவெளி அதைவிடக் குறைவு, ஆனால் ஐவியே மிகவும் கீழே கிடக்கிறது என்றால் காலண்டர் ஸ்ப்ரெட் (படி 3). நடந்த அசைவு ஐவியைத் தாண்டிவிட்டது என்றால் இரண்டும் வேண்டாம், அந்த வாரம் சும்மா இருங்கள். 30 நாளுக்குள் மத்திய வங்கியின் வட்டி முடிவு, தேர்தல் முடிவு, பட்ஜெட் மாதிரி ஏதாவது வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அப்படி ஒரு நாள் இருந்தால் ஐவி உயர்ந்து நிற்பது அதற்காகவே இருக்கலாம். அதை விற்பவருக்கான சலுகை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 3: காலண்டர் ஸ்ப்ரெட்

ஐவி தரையில் கிடக்கும்போது அது இறங்குவதற்கு இடம் குறைவு, ஏறுவதற்கு இடம் நிறைய. காலண்டரில் ஐவி ஏறினால் பொதுவாக நமக்கு நல்லது. அதனால்தான் தொடக்கக்காரர்களுக்கு முதலில் இதைச் சொல்கிறோம்.

செய்ய வேண்டியது இரண்டே வேலை. 60 நாள் உள்ள 20,000 கால் ஒன்றை வாங்குங்கள். 30 நாள் உள்ள 20,000 காலை விற்றுவிடுங்கள். இரண்டுக்கும் ஸ்ட்ரைக் ஒன்றே, எக்ஸ்பைரி மட்டும் வேறு. ஐவி 11-ல் 30 நாள் காலின் விலை சுமார் 252 புள்ளி, 60 நாள் காலின் விலை சுமார் 357. கையிலிருந்து போவது 105.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அமைதியான சந்தையில் தூரத்து மாதத்தின் ஐவி பொதுவாக அருகில் உள்ளதைவிட அதிகமாகவே இருக்கும். 60 நாளின் ஐவி 12 என்று வையுங்கள். அப்போது அந்தக் காலின் விலை 389, நாம் கொடுப்பது 137. ஒரே ஒரு புள்ளி ஐவி என்ன செய்கிறது என்று பாருங்கள். 30-ஆம் நாள் குறியீடு சரியாக 20,000-ல் முடிந்தால், விற்ற கால் ஒன்றுமில்லாமல் போய்விடும். வாங்கிய காலில் இன்னும் 30 நாள் பாக்கி, அப்போது ஐவி 11 என்றால் விலை 252. லாபம் 115. குறியீடு 600 புள்ளி ஏறியோ இறங்கியோ முடிந்தால், ஸ்ப்ரெட்டில் மிஞ்சுவது 60-தான், நஷ்டம் 77. போட்ட பணம் திரும்பும் எல்லை இருபுறமும் சுமார் 275 புள்ளி. 105-க்கே வாங்க முடிந்திருந்தால் அந்த எல்லை 390 வரை விரிந்திருக்கும். ஆகவே இரண்டு மாத ஐவியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்காமல் காலண்டர் போடாதீர்கள். வித்தியாசம் ஒன்றரைப் புள்ளிக்கு மேல் போனால் அது விலை கூடிய காலண்டர்.

முடிவு நாளில் ஐவி 13-க்கு ஏறியிருந்தால், அதே 20,000-ல் வாங்கிய காலின் விலை 298. 9-க்கு இறங்கியிருந்தால் 206. அப்போதும் லாபம்தான், ஆனால் 69 மட்டுமே.

படி 4: அயர்ன் கண்டோர்

இதில் நான்கு ஆப்ஷன், எல்லாம் ஒரே எக்ஸ்பைரி. படி 1-ல் கண்டுபிடித்த 630 புள்ளிக்கு அருகில் விற்க வேண்டும், அதற்கு 200 புள்ளி தள்ளி வாங்க வேண்டும். மாதிரி விலைகள்:

20,600 கால் விற்பது 52, 20,800 கால் வாங்குவது 28. இந்தப் பக்கம் வரவு 24.
19,400 புட் விற்பது 68, 19,200 புட் வாங்குவது 42. இந்தப் பக்கம் வரவு 26.

மொத்த வரவு 50. இரண்டு பக்கமும் 200 புள்ளி அகலம் என்பதால் அதிகபட்ச நஷ்டம் 150. நஷ்டம் தொடங்கும் எல்லைகள் 19,350-ம் 20,650-ம். புட் பக்கம் விலை கூடுதலாக இருப்பதைப் பார்த்துப் பிழை என்று நினைக்க வேண்டாம். குறியீடுகள் ஏறுவதைவிட வேகமாக இறங்கும் என்பதால் கீழ்ப்பக்கக் காப்பீட்டுக்குச் சந்தை எப்போதும் கூடுதலாகக் கொடுக்கிறது.

50 வாங்கி 150-ஐப் பணயம் வைக்கிறோம். தோற்கும்போதெல்லாம் முழு நஷ்டம் என்று வைத்தால், நான்கில் மூன்று முறை ஜெயித்தால்தான் கைக்காசு போகாமல் இருக்கும். ஐவி சொல்லும் கணக்குப்படி நமக்குக் கிடைக்கும் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம். மீதியை அந்த 3 புள்ளி இடைவெளிதான் தர வேண்டும். இடைவெளி இல்லாத மாதத்தில் கண்டோர் போடாதீர்கள் என்று சொன்னது இதனால்தான்.

படி 5: கெட்ட நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டு ஆப்ஷன்களிலிருந்து கணக்கிடப்படும் ஐவி அளவீடான விக்ஸ், 2017 நவம்பர் 3 அன்று 9.14-ல் முடிந்தது. மூன்று மாதம் கழித்து 2018 பிப்ரவரி 5 அன்று எஸ் அண்ட் பி குறியீடு 4.1 சதவீதம் விழுந்தது. விக்ஸ் ஒரே நாளில் 17.31-லிருந்து 37.32-க்குப் போனது. அசைவு குறையும் என்று பந்தயம் கட்டிய ஒரு பிரபலமான முதலீட்டுப் பத்திரம் தன் மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் இழந்து, அதோடு மூடப்பட்டது. அமைதியான காலம் முடியும்போது படிப்படியாக முடிவதில்லை.

நம் உதாரணத்துக்கு அதைவிட மிதமான ஒரு நாளை எடுப்போம். போட்ட மறுநாளே குறியீடு 600 புள்ளி சரிந்து 19,400, ஐவி 18.

பாதுகாப்பு வாங்காமல் 20,600 காலும் 19,400 புட்டும் மட்டும் விற்றவர் 120 வரவு வாங்கியிருப்பார். இப்போது அந்தப் புட் சுமார் 400, கால் சுமார் 50. நஷ்டம் 330-க்கு அருகில், இன்னும் சரிந்தால் அது கூடிக்கொண்டே போகும். புரோக்கர் மார்ஜினை (ஈடாக வைக்க வேண்டிய பணம்) உயர்த்துவதும் அதே மணி நேரத்தில்தான்.

கண்டோர் வைத்திருப்பவருக்கு மூடும் செலவு 110 அளவில், நஷ்டம் 60 சொச்சம். என்ன ஆனாலும் 150-க்கு மேல் போகாது.

137 கொடுத்துக் காலண்டர் வாங்கியவரிடம், தூரத்து மாத ஐவி 16 வரை மட்டும் ஏறியிருந்தால் 90 அளவில் மிஞ்சும். நஷ்டம் 47. அருகில் உள்ள ஐவி தூரத்து ஐவியைவிட வேகமாகத் துள்ளும் என்பதால்தான் ஐவி ஏறியும் காலண்டர் லாபத்துக்கு வரவில்லை. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் "ஐவி ஏறியும் ஏன் நஷ்டம்?" என்று திகைக்க வேண்டியிருக்காது.

படி 6: எத்தனை லாட்?

ஒரு வியாபாரத்தின் அதிகபட்ச நஷ்டம் மொத்த முதலில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு லாட்டில் 50 அலகு என்றால் கண்டோரின் அதிகபட்ச நஷ்டம் 150 × 50 = 7,500. அதற்கு முதல் 3,75,000 வேண்டும். மார்ஜின் எத்தனை லாட்டை அனுமதிக்கிறது என்பது இதற்கு அளவுகோல் ஆகாது. அமைதியான காலத்தில் மார்ஜினும் குறைந்துதான் இருக்கும்.

படி 7: ஆர்டர்

நான்கு ஆப்ஷனையும் ஒரே ஆர்டராகப் போடும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் வாங்குவதை முதலில் முடித்துவிட்டு, பிறகு விற்பதைப் போடுங்கள். மாற்றிச் செய்தால் நடுவில் சில நிமிடம் பாதுகாப்பில்லாமல் நிற்பீர்கள், மார்ஜினும் முழுதாகப் பிடிக்கப்படும்.

மார்க்கெட் ஆர்டர் (கிடைத்த விலைக்கு முடிப்பது) வேண்டவே வேண்டாம். வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் நடுவில் லிமிட் (நாம் ஏற்கும் விலை எல்லை) வைத்து, நிறைவேறாவிட்டால் சில நிமிடம் கழித்து அரைப் புள்ளி நகர்த்துங்கள். ஒவ்வொரு ஆப்ஷனிலும் 2 புள்ளி விட்டுக்கொடுத்தால் நுழைய 8, வெளியேற 8, மொத்தம் 16. வரவே 50 என்னும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும், கமிஷனும் வரியும் தனி. சந்தை திறந்த முதல் அரைமணி நேரத்தில் இந்த இடைவெளி அகலமாக இருக்கும். அது குறுகும்வரை பொறுங்கள்.

படி 8: வெளியேறுவது

நுழைந்த அன்றே எழுதி வைக்க வேண்டிய எண்கள் இவை. கண்டோரை மூடும் செலவு 25 ஆகிவிட்டால் லாபத்தோடு மூடுங்கள். 100 ஆகிவிட்டால் நஷ்டத்தோடு மூடுங்கள். இரண்டும் நடக்காவிட்டாலும் எக்ஸ்பைரிக்கு 7 நாள் இருக்கும்போது மூடிவிடுங்கள்.

கடைசி வாரத்தில் ஏன் நிற்கக் கூடாது? 30 நாள் இருக்கும்போது, ஸ்ட்ரைக்குக்கு அருகில் குறியீடு 100 புள்ளி நகர்ந்தால் ஆப்ஷனின் டெல்டா (குறியீடு ஒரு புள்ளி நகர்ந்தால் ஆப்ஷன் விலை எவ்வளவு நகரும் என்பது) 0.06 அளவில் மாறும். 2 நாள் இருக்கும்போது அதே 100 புள்ளிக்கு 0.24 மாறும். 20,600-ஐ ஒட்டிக் குறியீடு நிற்கும் கடைசி இரண்டு நாளில், காலையில் லாபமாக இருந்தது மதியம் நஷ்டமாக மாறுவது இந்த நான்கு மடங்கால்தான். மிச்சம் இருக்கும் பத்துப் புள்ளிக்காக அதைத் தாங்குவது வீண்.

காலண்டரில், கொடுத்த பணத்தில் 25 முதல் 30 சதவீதம் லாபம் வந்தால் மூடுங்கள். 137-க்கு அது 35 முதல் 40 புள்ளி. பாதிப் பணம் போனாலும் மூடுங்கள். அருகில் உள்ள எக்ஸ்பைரிக்கு முந்தைய நாளே இரண்டையும் சேர்த்து முடித்துவிடுவது நல்லது. விற்ற கால் காலாவதியான மறுநிமிடம் உங்கள் கையில் இருப்பது காலண்டர் அல்ல, தனியாக வாங்கிய ஒரு கால். சில சந்தைகளில் எக்ஸ்பைரி நாளன்றே ஸ்ப்ரெட்டுக்கான மார்ஜின் சலுகையும் நீங்கிவிடும்.

மூடும்போது வரிசை தலைகீழ்: விற்றதை முதலில் திரும்ப வாங்குங்கள், பாதுகாப்புக்காக வாங்கியதைக் கடைசியாக விற்றுவிடுங்கள்.