பல் டாக்டர் ஆபீசில் நீட்டும் 'வட்டியில்லா' கார்டு: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இன்ஷூரன்ஸ் போக, ரூட் கேனாலுக்கும் கிரவுனுக்கும் உங்கள் பங்கு 2,400 டாலர் என்கிறார்கள். வலி தாங்காமல் உட்கார்ந்திருக்கும்போது வரவேற்பில் ஒரு டேப்லெட்டை நீட்டி, "12 மாசம் வட்டி கிடையாது, இங்கேயே அப்ளை பண்ணிடலாம்" என்பார்கள். கேர்கிரெடிட் போன்ற மருத்துவக் கிரெடிட் கார்டு அது. நீங்கள் கையெழுத்துப் போட்டதும் டாக்டருக்குப் பணம் போய்விடும். மீதிக் கணக்கு உங்களுக்கும் வங்கிக்கும்தான்.

வட்டி இல்லை என்பது பாதி உண்மை. முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். பில்லில் சேர்க்காமல் தனியே எழுதி வைப்பார்கள். கெடுவுக்குள் கடைசி டாலர் வரை கட்டினால் அது தள்ளுபடி. ஒரு டாலர் மிஞ்சினாலும் ஓராண்டு வட்டி முழுவதும் ஒரே நாளில் தலையில் விழும்.

ஆண்டு வட்டி 32.99 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகைக் கார்டில் இது அதிசயமில்லை. மாதம் 190 டாலர் தவறாமல் கட்டினால் 12 மாதத்தில் 2,280 தீரும், பாக்கி 120. அந்த 120-க்கு மட்டும் வட்டி என்று நினைப்போம். வருவதோ ஏறத்தாழ 450 டாலர், ஏனென்றால் ஒவ்வொரு மாதமும் நின்ற பாக்கி முழுவதற்கும் கணக்குப் போடுவார்கள். 2018 முதல் 2020 வரை மருத்துவக் கடனில் மட்டும் மக்கள் இப்படிக் கட்டிய வட்டி 100 கோடி டாலர் என்று அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் சொன்னது.

பலர் மாட்டுவது, மினிமம் தொகையை மட்டும் வங்கியிலிருந்து தானாகக் கட்டும்படி வைத்த ஆட்டோபேயில். பில்லில் காட்டும் 'மினிமம்' தொகை கெடுவுக்குள் கடனைத் தீர்க்கும்படி போட்டதல்ல. அதை மட்டும் கட்டினால் கடைசியில் பெரிய பாக்கி நிச்சயம். மொத்தத்தை 12-க்குப் பதில் 11-ஆல் வகுங்கள்: 2,400-க்கு மாதம் 219 டாலர். ஒரு மாதம் கையில் மிச்சம் இருக்கட்டும். கெடு தேதி ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டிலும் அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம். மாதத் தவணைத் தேதியும் அதுவும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தவணை 60 நாளுக்கு மேல் தாமதமானால் சலுகையையே ரத்து செய்யலாம்.

அதே கார்டில் வேறு எதையும் வாங்காதீர்கள். மினிமத்துக்கு மேல் கட்டுவது பொதுவாக வட்டி அதிகமுள்ள பாக்கிக்குப் போகும். கெடுவுக்கு முந்தைய இரண்டு பில் சுற்றுகளில் மட்டும்தான் அது சலுகைப் பாக்கிக்கு முதலில் போகும்.

இதை உண்மையான சுழிய வட்டிக் கார்டிலிருந்து பிரித்தறிவது சுலபம். 'நோ இன்ட்ரஸ்ட் இஃப் பெய்ட் இன் ஃபுல்' என்று இருந்தால் மேலே சொன்ன, தள்ளிவைத்த வட்டி. '0% இன்ட்ரோ ஏபிஆர்' (ஏபிஆர் என்றால் ஆண்டு வட்டி விகிதம்) என்று இருந்தால், கெடு முடிந்தபின் மிஞ்சிய பாக்கிக்கு மட்டுமே வட்டி.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை உண்டு. ஆஸ்பத்திரி பில் என்றால் அவர்களே வட்டியில்லாத் தவணை தருவார்களா என்று கேளுங்கள். லாப நோக்கற்ற ஆஸ்பத்திரிகள் கட்டண உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் வந்த முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். கார்டில் தேய்த்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் பாக்கியே கிடையாது, அப்புறம் உதவி கேட்பது கஷ்டம். இன்ஷூரன்ஸ் இருந்தால், உங்கள் பங்கு எவ்வளவு என்று அந்தக் கம்பெனி அனுப்பும் கணக்குச் சீட்டு வரும்வரை பொறுங்கள். வேலை பார்க்கும் கம்பெனியில் ஹெல்த் எஃப்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்காக, வரி பிடிக்கும் முன் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கு) எடுத்திருந்தால், ஆண்டுக்கு ஒப்புக்கொண்ட முழுத் தொகையையும் திட்ட ஆண்டின் முதல் நாளிலேயே எடுக்கலாம். பல் வேலைக்கு இதைவிடச் சௌகரியமான வழி குறைவு. முழுச் சிகிச்சைக்கும் முதல் நாளே கார்டில் பிடிக்கச் சம்மதிக்காதீர்கள்; முடிந்த வேலைக்கு மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால், கெடுவுக்கு ஆறு வாரம் முன்பே பாக்கியைச் சுழிய வட்டிக் கார்டுக்கு மாற்றுங்கள். மாற்றுக் கட்டணம் பொதுவாக 3 முதல் 5 சதவீதம், பணம் போய்ச் சேர இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். அந்தக் கார்டு கிடைக்கும் அளவுக்குக் கிரெடிட் வரலாறு இன்னும் இல்லையென்றால், கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களே சொந்தக்காரர்களாக உள்ள கூட்டுறவு வங்கி போன்றது) சிறுகடன் கேளுங்கள். ஃபெடரல் கிரெடிட் யூனியன்கள் வழக்கமான கடனுக்கு 18 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது.