காமன் ரயில் டீசல்: பைப் நட்டைத் தொடுமுன் பிரஷரை இறக்குவது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் பட்டறை வேலை பழக வந்தால், ஒரே நாளில் பழைய இசுசு 4ஜேஏ1 டீசல் இன்ஜினும் வரும், காமன் ரயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஹை பிரஷர் டீசலைத் தேக்கித் தரும் ஒரே பொதுக் குழாய்) போட்ட 4ஜேஜே1 வண்டியும் வரும். பழைய இன்ஜினில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்திவிட்டு ஸ்டார்ட்டர் அடித்து, டீசல் பைப்பில் அடைத்த காற்றை எடுப்பார்கள். மூத்த அண்ணன்கள் பழகிய இன்ஜினுக்கு அது சரி, காமன் ரயிலில் அதைச் செய்யவே கூடாது. கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம், ரயிலிலோ ஐடிலிங்கிலேயே சில நூறு பார், லோடு ஏறினால் பல இன்ஜின்களில் 1,600 பாரைத் தாண்டும்.

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பக்கத்தில் சிகரெட் வேண்டாம். இன்ஜினை அணைத்துக் குறைந்தது 10 நிமிடம் விடுங்கள், மேனுவல் அதற்கு மேல் சொன்னால் மேனுவல்படிதான். செம்பனைக் குலை ஏற்ற லோரிக்கு நேரமாச்சு என்று யாராவது கத்துவார்கள், கத்தட்டும்.

அப்புறம் ஸ்கேனரை (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ரயில் பிரஷரைப் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வரவில்லை என்றால் நட்டைத் தொடாதீர்கள். வந்துவிட்டால் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு (வண்டியிலேயே விட்டால் யாராவது திருகிவிடுவார்கள்), பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள்.

ஸ்கேனருக்குப் பிரஷரைச் சொல்லும் சென்சாரும் பழுதாகும், அதனால் ஸ்கேனரை மட்டும் நம்ப வேண்டாம். கண்ணாடி, கையுறை போட்டு, நட்டைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்து, மேலே தடித்த துணியைப் போர்த்தி, முகத்தை விலக்கிக்கொண்டு கால் சுற்று மட்டும் மெதுவாகத் தளர்த்துங்கள். கசிவு நின்ற பிறகு முழுதாகக் கழற்றி, திறந்த முனைகளை உடனே மூடுங்கள். ஒரு துளி மண் உள்ளே போனால் இன்ஜெக்டர் கெட்டுவிடும்.

இவ்வளவு பயம் எதற்கு என்றால், இந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய மாதிரிதான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இருக்காது, ஆனால் உள்ளே சதை அழுகும், விரலே போகலாம். தைலம் தடவிக்கொண்டு உட்காராமல் 999க்கு அழையுங்கள் அல்லது நேரே மருத்துவமனைக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு உள்ளே ஏறிவிட்டது என்று சொல்லுங்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

மாட்டி முடித்ததும் ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பு கெட்டியாகும்வரை அழுத்திக் காற்று எடுங்கள், ஹை பிரஷர் நட்டைத் தளர்த்தாதீர்கள். ஸ்டார்ட் செய்த பிறகு லீக் இருக்கிறதா என்று விரலால் தடவாமல், ஒரு அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். ஈரம் பட்டால் அணைத்துவிட்டு மறுபடி அந்த 10 நிமிடம்.