ஜெபத்தில் மனம் சிதறுகிறதா? அந்த ஆசையைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள்

ஜெபிக்க உட்கார்ந்ததும் மனம் வேறெங்கோ ஓடினால், அதை உடனே விரட்டப் பார்க்காதீர்கள். எங்கே ஓடுகிறது என்று கவனியுங்கள். வேலையில் உயர்வு, சொந்த வீடு, பிள்ளைகளின் படிப்பு, பிறர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற எண்ணம்... எது திரும்பத் திரும்ப வருகிறதோ, அதுதான் உங்கள் இருதயத்துக்காகத் தேவனோடு போட்டி போடுகிறது.

அதை ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் பெயர் சொல்லியே ஜெபியுங்கள்: “ஆண்டவரே, இந்த வேலை உயர்வுக்கு ஆசைப்படுகிறேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நான் உமக்கே சொந்தம்.” இரண்டாவது வாக்கியத்தை மனதாரச் சொல்ல முடியவில்லையா? சரி, முடியவில்லை என்பதையே அவரிடம் சொல்லுங்கள். ஆசையை மறைத்துக்கொண்டு அழகான வார்த்தைகளில் ஜெபிப்பதைவிட இது எவ்வளவோ மேல். “என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்” என்றுதானே சங்கீதம் 86:11-இல் தாவீதும் கேட்கிறார்! தன் மன உறுதியை நம்பாமல் அவர் தேவனிடமே கேட்டது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆசை எல்லாமே பாவம் என்று சொல்லவில்லை. அது தேவனைவிடப் பெரிதாகிவிடும்போதுதான் சிக்கல். மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் இயேசுவிடம் வந்த செல்வந்தன் சிறுவயது முதல் கற்பனைகளை, அதாவது தேவனுடைய கட்டளைகளை, கைக்கொண்டவன். ஆனால் ஆஸ்தியை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம்மைப் பின்பற்றி வரும்படி இயேசு கேட்டபோது, அதை மட்டும் விட முடியாமல் துக்கத்தோடு போய்விட்டான். இயேசு அவனிடம் அன்புகூர்ந்துதான் அதைக் கேட்டார் என்பதையும் கவனியுங்கள்.

எழுதிய தாளை வேதாகமத்துக்குள் வைத்து, வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்று மிகவும் இழுத்தால், அதற்குக் கொடுக்கும் நேரத்தில் ஒரு பகுதியை ஒரு வாரம் வேத வாசிப்புக்குக் கொடுத்துப் பாருங்கள்.