தனுஷ்கோடிக்குப் பேய்க்கதை தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், மதுரையிலிருந்து இளவட்டங்கள் கேமரா, மைக், டிரைபாட் எல்லாம் தூக்கிக்கொண்டு தனுஷ்கோடிக்குப் பேய்க்கதை தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த ராமேஸ்வரம் தீவுப் பக்கம் பல வருஷமாக வாய்மொழிக் கதைகளைப் பதிவு செய்துவருகிறேன், அதனால் திரும்பி வந்ததும் சிலர் என்னிடம் போட்டுக் காட்டுவார்கள். ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள்தான் ஒவ்வொரு வருஷமும் புது முகங்களோடு வருகின்றன. தேதியைத் தப்பாகப் போடுவது, மைக்கில் காற்று இரைவது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன், போகப் போகத் தானாகச் சரியாகிவிடும். பேய்க்கதையே கூடாது என்றும் சொல்ல வரவில்லை. 1964 டிசம்பர் புயலில் ஒரே ராத்திரியில் கடல் ஏறி அழிந்த ஊரில் அந்தக் கதைகள் இருக்கத்தான் செய்யும், கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

ரயிலைப் பாலத்திலிருந்து விழ வைப்பது

பாம்பன் பாலத்தைக் காட்டி, "இங்கேதான் ரயில் கவிழ்ந்தது, இன்னும் ஆவிகள் அலைகின்றன" என்று ஆரம்பிக்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு கிளம்பியது 653 எண் பாம்பன் - தனுஷ்கோடி பாசஞ்சர். பாம்பன் ஸ்டேஷனே பாலத்தைத் தாண்டி தீவுக்குள் இருக்கிறது, அந்த ரயில் அன்று பாலத்தில் ஏற வேண்டிய அவசியமே இல்லை. தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை அடித்துக்கொண்டு போனது. சென்னையிலிருந்து இலங்கைக் கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுவந்த போட் மெயிலும் அது இல்லை. பாலம் உடைந்தது தனிக் கதை: அதே புயலில் பாலத்தைத் தாங்கும் இரும்புக் கர்டர்கள் கடலுக்குள் போயின, கப்பலுக்காகத் திறக்கும்படி கட்டியிருந்த ஷெர்சர் தூக்குப் பகுதி தப்பியது, ரயில்வே என்ஜினியர் ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் பாலத்தைச் சரி செய்தார்கள்.

எண்களையும் கலந்துவிடுகிறார்கள். ரயிலில் 115 பேர் என்பது அரசுக் கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களும் இருந்திருப்பார்கள் என்று இதைவிடக் கூடுதலாகச் சொல்பவர்கள் உண்டு. புயலில் மொத்தமாக இறந்தவர்கள் சுமார் 1,800 என்பது மதிப்பீடு. "ரயிலோடு 1,800 பேர்" என்று ஒரு வீடியோவில் கேட்டபோது அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

"விசில் சத்தம் கேட்குமாமே?"

இதுதான் எனக்கு இன்னமும் ஆறாத விஷயம்.

சங்கு, பாசிமணி விற்கிற கடை வரிசையில் ஒரு பெரியவர். புயலன்று சின்னப் பையன். அவர் பேச ஆரம்பித்தால் சாயங்காலத்திலிருந்து ஆரம்பிப்பார், தண்ணீர் முதலில் வாசல் வரை வந்து திரும்பிப் போனது, காற்று கூரை ஓலையை ஒவ்வொன்றாக உரித்தது, அவருடைய அம்மா பிள்ளைகளைச் சேலையால் ஒருவரோடொருவர் சேர்த்துக் கட்டி மணல் மேட்டில் உட்கார வைத்தது, இவர் சட்டைக்குள் ஒரு ஆட்டுக்குட்டியை வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதது, விடிந்ததும் எந்தப் பக்கம் ஊர் என்றே தெரியாமல் நின்றது. ஆட்டுக்குட்டி வரும் இடத்தில் மட்டும் அவர் கை தானாக நெஞ்சுக்குப் போகும்.

ஒரு தடவை இளைஞர்கள் சிலரோடு அங்கே போயிருந்தேன். அவர் மணல் மேட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு தம்பி குறுக்கே புகுந்து, "ஐயா, ராத்திரியில ரயில் விசில் சத்தம் இன்னும் கேக்குமாமே, நீங்க கேட்டிருக்கீங்களா?" என்றான். பெரியவர் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார். மதுரையிலிருந்து வந்த பிள்ளையின் மனசு நோகக்கூடாது என்று, "ஆமா தம்பி, கேக்கும்னு சொல்லுவாக" என்றார். அதோடு பேச்சு முடிந்தது, மணல் மேடும் ஆட்டுக்குட்டியும் அன்று வரவே இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் பெரிய சேதம். "சொல்லுவாக" என்ற வார்த்தையை வெட்டிவிட்டு "ஆமா தம்பி, கேக்கும்" என்பதை மட்டும் வைத்து வீடியோ போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் அவரிடம் விசிலைத்தான் கேட்டார்கள். அடுத்த முறை நான் போனபோது அவராகவே விசிலில்தான் ஆரம்பித்தார். வண்டியிலிருந்து இறங்குகிறவர்களுக்கு அதுதான் வேண்டும் என்று அவருக்குப் பழகிவிட்டது. நாம் கொண்டுபோய்க் கொடுத்த கதையை நம்மிடமே திருப்பிச் சொல்கிறார், அதை நாம் சாட்சி என்று எழுதுகிறோம். அந்த இரவைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று எழுபதை நெருங்கிவிட்டார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள், அவர்கள் நினைவில் ஒரு முறை இப்படிக் கலந்துவிட்டால் பிரித்தெடுக்க நமக்கு இன்னொரு சந்தர்ப்பம் கிடையாது.

பேயைப் பற்றி நீங்களாக வாயைத் திறக்காதீர்கள். அன்றைக்கு ராத்திரி வீட்டில் என்ன சமையல், வலை எங்கே காய்ந்தது, யார் கையைப் பிடித்திருந்தீர்கள் என்று கேளுங்கள். இடையில் அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். பேய் வருவதாக இருந்தால் அதுவாக வரும், வரும்போது நீங்கள் எதிர்பார்த்த மாதிரி இருக்காது. ஒரு அம்மா என்னிடம் சொன்னதில் ரயிலும் இல்லை, அலறலும் இல்லை. புயலில் போன அவருடைய அண்ணன், கடலுக்குப் போகிற நாளில் விடிகாலை இருட்டில் வாசலில் நின்று இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாராம். இவர் பதில் சொல்லமாட்டாராம், ஆனால் உலையில் ஒரு கைப்பிடி அரிசி கூடப் போடுவாராம். அதை இட்டுக்கட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

மதுரைப் பேயைத் தீவுக்குக் கொண்டுபோவது

தனுஷ்கோடியைப் பற்றிய ஒரு கதையில் புளியமரத்தில் பேய் தொங்கியது. சுற்றிலும் மணலும் உப்புக்காற்றுமாக இருக்கிற இடத்தில் புளியமரத்துக்கு எங்கே போவது? நம் பக்கத்து முனி, ஊர் எல்லை, பாழுங்கிணறு, உச்சிப்பொழுது எல்லாம் வைகைக் கரை மண்ணோடு வந்தவை. அங்கே செத்தவர்களை நினைக்கிற விதமே வேறு. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து பித்ருக்களுக்குத் தர்ப்பணம் கொடுத்துக் கடலில் மூழ்குகிறார்கள். அந்தக் கடற்கரையின் கிறிஸ்தவ மீனவர் ஊர்களில் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். பேய்க்கதை இந்த வழக்கங்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதைப் பிடுங்கித் தனியாக எடுத்தால் கையில் எதுவும் நிற்காது.

ஊர் உயிரோடு இருந்ததைச் சொல்லாமல் விடுவது

இடிந்த சர்ச்சைக் காட்டுகிறார்கள், தண்ணீர்த் தொட்டியைக் காட்டுகிறார்கள், இருட்டாக்கி இசை போடுகிறார்கள். 1914-லிருந்து போட் மெயில் இந்த ஊர் வரை ஓடியது. எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் இங்கே இறங்கி, இர்வின், கோஷன் என்ற கப்பல்களில் இலங்கையின் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேரலாம். சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. சர்ச் சுவரின் பக்கத்தில் போய்ப் பாருங்கள், பவளப்பாறைக் கல், அதில் பூ மாதிரி வரிவரியான ஓட்டைகள் இன்னும் தெரியும். கப்பலுக்காகக் கூட்டம் காத்திருந்த ஊர் இது என்று கேட்பவருக்கு முதலில் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அங்கே என்ன போனது என்று அவருக்கு எப்படிப் புரியும்?

இப்போதும் அங்கே மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. பெண்கள் மணலைத் தோண்டி, ஊறி வருகிற நல்ல தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள், கூப்பிடு தூரத்தில் கடல். "மனிதர்களே இல்லாத ஊர்" என்று வர்ணனை பேசும்போது பின்னால் அவர்கள் குடிசை தெரிகிறது.

ராத்திரி தங்கிப் படம் எடுப்பது

வேண்டாம். பொழுது சாய்ந்தால் போலீஸ் திருப்பி அனுப்பிவிடும்.

அரிச்சல்முனையில் குளிக்க இறங்குவது

தீவின் கடைசி நுனி அது, நீரோட்டம் இழுத்துவிடும். ஆண்கடல் என்று அவர்கள் சொல்லும் தெற்குப் பக்கம் காலைக்கூட வைக்காதீர்கள்.

அக்கரையை மறப்பது

அதே புயல் மன்னாரையும் தலைமன்னாரையும் அடித்தது. அங்கேயும் கதைகள் இருக்கின்றன.

பதிவோடு மறைந்துவிடுவது

"அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அந்தப் பெரியவர்களிடம் பென்டிரைவைக் கொடுத்துப் பயன் இல்லை. பேரனோ பேத்தியோ வைத்திருக்கும் போனில் அங்கேயே ஏற்றிக் கொடுத்து, ஒரு முறை ஓடவிட்டுக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். வெட்டாத முழுப் பதிவாக இருக்கட்டும். வெளியில் போடக்கூடாது என்று எதையாவது சொன்னால், காரணம் கேட்காமல் அவர்கள் கண் முன்னாலேயே அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள்.