மனிதப் புரதத்தை ஈ. கோலி பாக்டீரியாவில் விளைவித்து, பிரித்து, கெடாமல் வைப்பது எப்படி?

மக்களே, புரதம் தயாரிக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் ஒரு தட்டு இடம் பிடித்துவிடுங்கள். ஓர் ஐப்பசி மழையில் நாகர்கோவிலில் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாமல், ஒரே குழாயில் வைத்திருந்த என் மூன்று வார உழைப்பு மொத்தமாகப் போனது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பழகுவதற்குக் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2 நல்லது. நம் சிவப்பணுக்களில் இருக்கிற, சுமார் 29 கிலோடால்டன் எடையுள்ள நொதி. இதில் டைசல்ஃபைடு பிணைப்பு (இரண்டு கந்தக அணுக்களுக்கு இடையிலான கட்டு) இல்லை, ஈ. கோலியே சரியாக மடித்துக் கொடுத்துவிடும்.

ஆறு ஹிஸ்டிடின் (ஓர் அமினோ அமிலம்) வால் சேர்த்த மரபணுவை பெட்28 பிளாஸ்மிட்டில், அதாவது மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏவில் ஏற்றி, பிஎல்21 டிஇ3 என்ற ஈ. கோலி வகைச் செல்களில் புகுத்துங்கள். 1 லிட்டர் எல்பி ஊடகம் (பாக்டீரியா வளரும் சத்துக் கரைசல்), பிளாஸ்மிட் உள்ள செல்களை மட்டும் வளரவிடும் கனமைசின் மருந்து, 37 டிகிரி. ஓடி (செல்கள் பெருகப் பெருக ஏறும் கலங்கல் அளவு) 0.6 வந்ததும் வெப்பத்தை 18 டிகிரிக்கு இறக்கி, மரபணுவை முடுக்கிவிடும் 0.5 மில்லிமோலார் ஐபிடிஜியோடு கொஞ்சம் ஜிங்க் சல்ஃபேட்டும் சேருங்கள். இந்த நொதியின் நடுவில் துத்தநாகம் உட்கார்ந்தால்தான் அது வேலை செய்யும். சூட்டில் அவசரமாக உருவாகும் புரதம் மடியாமல் திரண்டுவிடும், ஆகவே ராத்திரி முழுக்க மெதுவாக ஆட விடுங்கள்.

காலையில் சென்ட்ரிஃப்யூஜ் செய்து, செல்களை டிரிஸ் பஃபரில் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) கரைத்து, ஐஸில் வைத்தே சோனிகேட் செய்யுங்கள், அதாவது ஒலி அலையால் செல்களை உடையுங்கள். குளச்சல் மீன் ஏலத்துக்கு உடைக்கிற ஐஸே போதும், ஆனால் உப்பு கலந்தது வேண்டாம், பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி சாம்பிளே உறைந்துவிடும். இன்னொன்று, டிரிஸின் பிஎச் குளிரக் குளிர ஏறும். நம்ம ஊர் 30 டிகிரி அறையில் 8.0 என்று சரிசெய்தது, 4 டிகிரியில் ஏறக்குறைய 8.7 ஆகியிருக்கும். அதனால் பஃபரைக் குளிரவைத்த பிறகே சரிபாருங்கள்.

அப்புறம் நிக்கல் ரெசின், ஹிஸ்டிடின் வாலைப் பிடித்துக்கொள்ளும் நிக்கல் ஏற்றிய மணிகள். ஹிஸ்டிடினோடு போட்டிபோட்டு நிக்கலைப் பிடிக்கும் இமிடசோல் 20 மில்லிமோலார் உள்ள பஃபரால் நிறைய கழுவி, 250 மில்லிமோலாரில் புரதத்தை இறக்கி, சுத்தமா என்று ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். உலோகத்தைப் பிடிக்கும் இடிடிஏ மட்டும் எங்கேயும் கலக்கக் கூடாது, நிக்கலைப் பிடுங்கிக்கொண்டு நீல ரெசினை வெளுக்க வைத்துவிடும்.

டயாலிசிஸில் (நுண்துளைப் பையில் போட்டுச் சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுவது) இமிடசோலை நீக்கியதும் வருகிறது முக்கியமான இடம். 10 சதவீதம் கிளிசரால் சேர்த்து, ஒரு தடவைக்கு வேண்டிய 50 மைக்ரோலிட்டராகப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தேதியும் செறிவும் எழுதி, திரவ நைட்ரஜனில் சட்டென உறையவைத்து மைனஸ் 80-க்குள் வையுங்கள். மெதுவாக உறைந்தால் நீர் ஐஸாகப் பிரிந்து, மிச்சமிருக்கும் திரவத்தில் உப்பு செறிந்து புரதத்தைக் கெடுக்கும். உருகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். மைனஸ் 80 கிடைக்காதவர்கள் 50 சதவீதம் கிளிசராலில் மைனஸ் 20-இல் வைக்கலாம், உறையாமலே குளிர்ந்திருக்கும். தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசர் மட்டும் வேண்டாம், அது அடிக்கடி சூடாகும்.

இது ஆய்வுக்கு மட்டும். ஈ. கோலியின் எண்டோடாக்சின் என்ற நச்சு கூடவே இருக்கும், உடம்பில் ஏற்றவே கூடாது.

ஒரு வாரம் கழித்து ஒரு குழாயை ஐஸில் உருக்கி, இந்த நொதி உடைத்ததும் மஞ்சளாகும் 4-நைட்ரோஃபினைல் அசிடேட் சேருங்கள். மஞ்சள் ஏறும் வேகத்தை, உறைய வைப்பதற்கு முன் அளந்ததோடு ஒப்பிடுங்கள். அந்த வேதிப்பொருள் தானாகவும் மெல்ல மஞ்சளாகும், நொதி இல்லாத குழாய் ஒன்றையும் பக்கத்தில் வைத்து அதன் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள்.