தெருவிளக்குப் பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு விடும்போது

டெண்டர் எழுதும் முன் கம்பங்களை எண்ணுங்கள். பதிவேட்டில் உள்ள கணக்கும் தெருவில் நிற்கும் கணக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. ஒவ்வொரு கம்பத்துக்கும் பெயின்டில் எண் போட்டு, விளக்கின் வாட், எந்த சுவிட்ச் பாக்ஸிலிருந்து லைன் வருகிறது, எர்த் கம்பி இருக்கிறதா, அடிப்பகுதி துருப்பிடித்திருக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்ததாரர் முடிவானதும் இரு தரப்பும் சேர்ந்து பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை சுற்றிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் “நான் எடுக்கும்போதே அது எரியவில்லை” என்ற பேச்சிலேயே மாதங்கள் ஓடிவிடும்.

பழுதுக்கு இவ்வளவு என்று பில் போட விடாதீர்கள். பழுது கூடக்கூட ஒப்பந்ததாரருக்கு லாபம். விளக்குக்கு மாதம் இவ்வளவு, எரியாத இரவுக்கு இவ்வளவு பிடித்தம் என்று வையுங்கள். வண்டி மோதிய கம்பம், திருட்டு, பள்ளம் தோண்டுபவர்கள் வெட்டிய கேபிள் இவற்றுக்கு மட்டும் தனி விலைப்பட்டியல் போதும்.

98 சதவீதம் எரிய வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் போதாது. 1,000 விளக்கில் 20 அணைந்திருக்கலாம் என்பதே அதன் பொருள். அந்த இருபதும் ஒரே தெருவில் இருந்தாலும் நிபந்தனை மீறப்படவில்லை. அடுத்தடுத்த இரண்டு விளக்குகள் அணைந்தால் பிடித்தம் இரட்டிப்பு என்று ஒரு வரி சேருங்கள்.

ஒற்றை விளக்குக்கு 48 மணி நேரம், வரிசை முழுக்க இருட்டானால் 24 என்று கெடு வைக்கலாம். கம்பத்தில் ஷாக் அடித்தாலோ கம்பி அறுந்து தொங்கினாலோ 2 மணி நேரத்துக்குள் லைனைத் துண்டித்தாக வேண்டும். புகார் பதிவான நிமிடத்திலிருந்தே நேரம் ஓடும்.

ஒரே லைனில் எல்.இ.டி. டிரைவர்கள் (விளக்குக்குத் தேவையான மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பாகங்கள்) அடுத்தடுத்துப் பழுதாகின்றனவா? டிரைவரை மாற்றிக்கொண்டே இருப்பது வீண். சுவிட்ச் பாக்ஸைத் திறந்து நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) இணைப்பைப் பாருங்கள். கருகியோ லூஸாகவோ இருந்தால், மூன்று ஃபேஸ் சப்ளையில் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரைகூட ஏறும். 90 நாளில் ஒரே கம்பம் மூன்று முறை பழுதானால் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்பதும் நிபந்தனையில் இருக்கட்டும். கழற்றிய டிரைவரைக் கம்ப எண் ஒட்டி ஒப்படைத்தால்தான் மாற்றியதாகக் கணக்கு.

பகலில் எரியும் விளக்குக்கும் பிடித்தம் உண்டு. ஒளி உணரியில் தூசி படிந்தாலோ டைமர் நேரம் தவறினாலோ கான்டாக்டர் (விளக்கு வரிசையை இயக்கி அணைக்கும் மின்சுவிட்ச்) ஒட்டிக்கொண்டாலோ இது நடக்கும். மின் கட்டணம் உங்களுடையது என்பதால் ஒப்பந்ததாரர் அவசரப்பட மாட்டார்.

மாதம் ஒருமுறை, சொல்லாமல், பத்தில் ஒரு கம்பத்தை நீங்களே தேர்ந்தெடுத்து இரவில் போய்ப் பாருங்கள். ஒப்பந்தத்தின் கடைசி மூன்று மாதத் தொகையை, இரு தரப்பும் சேர்ந்து செய்யும் ஆய்வு முடியும்வரை பிடித்து வையுங்கள். கம்பப் பட்டியல், புகார்ப் பதிவு, தொலைக் கட்டுப்பாட்டுக் கடவுச்சொற்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகே அது விடுவிக்கப்படும்.