நன்றாகத் தூங்கியும் அசதி தீரவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் எழும்போதே உடம்பு அடித்துப் போட்டதுபோல இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் சரி. ‘உடம்பில் சத்தில்லை’ என்று டானிக்கும் பி12 ஊசியும் ஆரம்பமாகின்றன. அந்தப் பரிசோதனைகள் தேவைதான். ஆனால் தூங்கும்போது என்ன நடக்கிறது என்பதை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

குறட்டையை அயர்ந்த தூக்கத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலும் கோளாறு தொடங்குகிறது. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. குறுகிய வழியில் காற்று அதிர்ந்தால் குறட்டை. வழி முழுதாக அடைத்துக்கொண்டால் சத்தமே நின்றுவிடும். குறைந்தது 10 விநாடி, சிலருக்கு ஒரு நிமிடம்கூட மூச்சு போகாது. ஆக்சிஜன் இறங்கியதும் மூளை உசுப்பிவிடும். திணறலோடு ஒரு பெருமூச்சு, மறுபடி குறட்டை. இதுதான் ஸ்லீப் அப்னியா. அந்த விழிப்பு காலையில் நினைவிருக்காது. மணிக்கு 5 முறைக்கு மேல் நடந்தாலே கணக்கில் வரும். 30 என்றால் தீவிரம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தட்டி எழுப்பினால் எட்டு மணி நேரம் படுத்து என்ன பயன்?

ஆகவே சாட்சி, பக்கத்தில் படுப்பவர். ‘குறட்டை விடுகிறேனா?’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘நடுவில் சத்தம் நின்று, பிறகு திணறுகிறேனா?’ என்று கேளுங்கள். தனியாகப் படுப்பவர்கள் செல்போனில் ஒலிப்பதிவு செய்யலாம். முதல் அரைமணி நேரத்தை மட்டும் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம். கனவுத் தூக்கம் அதிகம் வரும் அதிகாலையிலும், மல்லாந்து படுக்கும்போதும்தான் பலருக்கு அடைப்பு கூடும்.

குண்டானவர்களுக்கு மட்டுமே இது வரும் என்பதும் தப்புக்கணக்கு. சிறிய தாடை, பெருத்த டான்சில் உள்ள ஒல்லியானவர்களுக்கும் வரும். பெண்கள், குறிப்பாக மாதவிடாய் நின்றவர்கள், குறட்டையைவிட காலைத் தலைவலி, அசதி, அடிக்கடி தூக்கம் கலைவது என்றே சொல்வார்கள். அது மனச்சோர்வு என்று முடித்துவைக்கப்படுகிறது. இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவதற்கு எப்போதும் சர்க்கரையோ புராஸ்டேட்டோ காரணமல்ல. அடைத்த தொண்டையை எதிர்த்து நெஞ்சு இழுக்கும்போது இதயத்தின் மேலறை விரிந்து, நீரை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோன் சுரக்கிறது. மூன்று மாத்திரைக்கும் இறங்காத ரத்த அழுத்தமும் ஒரு தடயம்.

‘தூக்கம் சரியில்லை’ என்று தானாகத் தூக்க மாத்திரை வாங்குவதும், படுக்குமுன் மது குடிப்பதும் ஆபத்து. இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்தும். உசுப்பிவிடும் மூளையையும் மந்தமாக்கும்.

ஸ்மார்ட் வாட்ச் காட்டும் ‘ஆழ்ந்த தூக்கம்’ மருத்துவச் சோதனை ஆகாது. மூக்கில் குழாய், விரலில் சென்சார், நெஞ்சில் பட்டை கட்டி வீட்டிலேயே செய்யும் ஸ்லீப் ஸ்டடி பலருக்குப் போதும். ஆனால் அதில் பெரும்பாலும் மூளை அலை பதிவாகாது. விழித்துக் கிடந்த நேரத்தையும் சேர்த்து வகுப்பதால், மணிக்கு எத்தனை அடைப்பு என்ற எண் குறைந்து காட்டலாம். அறிகுறி பலமாக இருந்து ரிப்போர்ட் ‘நார்மல்’ என்றால், மருத்துவமனையில் இரவு தங்கிச் செய்யும் முழு ஆய்வைக் கேளுங்கள்.

ஸ்லீப் அப்னியாவுக்கு மருத்துவர் எழுதித் தருவது பெரும்பாலும் சி-பாப் கருவி. மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தி, தொண்டை அடைக்காமல் வைத்திருக்கும். வாங்கியபின் ஒரே வாரத்தில் அதை அலமாரியில் வைத்துவிடுபவர்கள் ஏராளம். வாய் வறண்டால் பெரும்பாலும் காற்று வாய்வழி கசிகிறது என்று பொருள். முழுமுக மாஸ்க்கோ ஈரப்பதமூட்டியோ தேவை. மாஸ்க்கை இறுக்குவது தீர்வல்ல, தழும்புதான் மிச்சம். முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் கசியும். முகம் கழுவிவிட்டுப் போடுங்கள், மாஸ்க் மெத்தையைத் தினமும் லேசான சோப்பில் கழுவுங்கள். முதல் சில நாள் மாலையில் டிவி பார்க்கும்போது அரைமணி நேரம் போட்டுப் பழகுங்கள். மின்வெட்டு உள்ள ஊரில் கருவியின் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

குறட்டையே இல்லாத அசதியும் உண்டு. படுத்ததும் கெண்டைக்காலில் ஏதோ ஊர்வதுபோல, அசைத்தால்தான் அடங்குகிறதென்றால் ‘கால் ஓய்வின்மை’ நோயாக இருக்கலாம். இங்கே ஹீமோகுளோபின் ஏமாற்றிவிடும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள். ரத்தசோகை இல்லாவிட்டாலும் பெரியவர்களுக்கு அது மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து பலன் தரலாம், மருத்துவர் சொல்லும் அளவில். டீ, காபியோடு விழுங்கினால் பாதி வீண். தூக்கக் கலக்கம் தரும் சளி மாத்திரைகள் சில, இந்த ஊர்தலைக் கூட்டும்.

சிரித்தால் முழங்கால் துவண்டு, பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தால் அது வேறு: நார்கோலெப்சி. சோம்பேறி என்று பெயர் வாங்குவதற்குள் நரம்பியல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

நோய் உறுதியாகிச் சிகிச்சை பிடிக்கும்வரை இரவில் நெடுந்தூரம் வண்டி ஓட்டாதீர்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் உதவாது. கண் சொருகினால் பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டி, ஒரு காபி குடித்துவிட்டு 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரமாகும்.